திங்கட்கிழமை வந்து சேருங்க

“அந்த வேலை இப்போ இல்ல சார். ஸாரி.”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

பூட்டு சார் மடியிலிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் பிரிவு உபசாரத்தில் கொடுத்தது. ரிப்பன்கூட இன்னும் பிரிக்கவில்லை.

குழாய்க் கம்பெனி ஸ்டோரில் பன்னிரண்டு வருடம் சாவிக்கொத்தோடு குடித்தனம் நடத்தியவர். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பெயர் அப்படி வந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் போட்டிக் கம்பெனி. அங்கே ஸ்டோர் கீப்பர் விலகப்போகிறார் என்று காதில் விழுந்ததும் போய்க் கேட்டார். “அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை வந்து சேருங்க, சீட் உங்களுதுதான்” என்று அதிகாரி ரிசப்ஷனில் நின்றபடியே கை குலுக்கினார். காகிதம் எதுவும் கிடையாது.

பூட்டை மூன்று முறை இழுப்பவர், வார்த்தையை ஒரு முறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. ராஜினாமா கொடுத்தார். ஒரு மாத நோட்டீஸ் இந்த வெள்ளியோடு முடிந்தது.

திரும்ப போன் போட்டார்.

“நீங்கதானே சார் கை குடுத்துச் சொன்னீங்க?”

“சொன்னேன். எழுதிக் குடுத்தேனா?”

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “நேரா பழைய மேனேஜரைப் போய்ப் பாருங்க. வெட்கப்பட்டா வேலைக்காகாது.”

அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல யோசனை அது. கெடுக்க மச்சான் வந்து சேர்ந்தான். வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவன். வீட்டில் அரை வக்கீல்.

“இரு அக்கா. நேத்து வரைக்கும் இருந்த வேலை இன்னைக்கு எப்படி மாயமாச்சு? யாரோ போன்ல போட்டுக் குடுத்திருக்காங்க.”

“யாருடா?”

“மாமாவை வழியனுப்ப யாரு வரல?”

பூட்டு சாருக்குச் சுருக்கென்றது. “மேனேஜர் வரல. ஹெட் ஆபீஸ் போயிருக்கார்னு சொன்னாங்க.”

“சொல்லத்தானே செய்வாங்க!”

“அப்படிப்பட்ட மனுஷன் இல்லடா அவரு.”

“மாமா, எங்க ஆபீசுக்கு வர்றவங்க பாதிப் பேர் இதே வசனத்தைத்தான் சொல்லிட்டு அழுவாங்க.”

இரண்டு நாள் வேதம் ஓதினான். ஞாயிற்றுக்கிழமை பூட்டு சார் இறங்கிவந்தார். அவர் எழுதச் சொன்னது, ‘ஐயா, தயவுசெய்து விளக்கவும்.’ மச்சான் அடித்தது, ‘பொறாமையில் புழுங்கி, போனில் அவதூறு பேசி, என் வயிற்றில் அடித்த தாங்கள்...’

“கொஞ்சம் காரமா இல்ல?”

“‘தாங்கள்’னு மரியாதையாத்தானே மாமா போட்டிருக்கேன்?”

மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. படித்துவிட்டதாக இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

“பயந்துட்டாரு” என்றான் மச்சான்.

திங்கட்கிழமை காலை, தொழிலாளர் உதவி மையம். ஆலோசகர் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“வாயால சொன்னதும் வாக்குதான் சார். அதை நம்பித்தான் இருந்த வேலையை விட்டீங்க, அதனால நஷ்டஈடு கேட்டுப் பார்க்கலாம். ஆனா, சொன்னாங்கன்னு நிரூபிக்கணும். சாட்சி இருக்கா?”

“ரிசப்ஷன் பொண்ணு பக்கத்துலதான் இருந்துது.”

“நல்லது. அதுக்கு முன்னாடி பழைய இடத்துல ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கலாமான்னு கேளுங்க. அங்க சண்டை கிண்டை எதுவும் போடலையே?”

பூட்டு சார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

“சொல்லிடாதீங்க மாமா” என்று மச்சான் காதைக் கடித்தான்.

“நீங்க யாருப்பா?”

“சட்டத்துறைங்க.”

அங்கிருந்து நேராகப் பழைய கம்பெனி. மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை.

“சார், அந்த ராஜினாமாவை...”

“பொறாமையில புழுங்குறவன் ரூம்ல நின்னா உங்களுக்கு வேர்க்கும். வெளிய போங்க.”

“சார், அது வந்து, என் மச்சான்...”

“அவரையும் கூட்டிட்டுப் போங்க.”

இரண்டு வேலையும் போயிற்று. மிச்சம் இருந்தது சாட்சி ஒன்றுதான். தெருவைக் கடந்தார்கள்.

ரிசப்ஷன் பெண் நல்ல மாதிரி. “என் எதிர்லதான் சார் சொன்னாரு, ‘சீட் உங்களுது’ன்னு. எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்.”

மச்சான் காகிதத்தை நீட்டினான். போட்டுக் கொடுத்துவிட்டாள். மூன்று நாளில் முதல் முறையாகப் பூட்டு சாருக்கு மூச்சு சீராக வந்தது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. எங்க மேனேஜர் இங்க போன் ஏதாவது பண்ணாரா?”

“பண்ணாரே. வெள்ளிக்கிழமை மத்தியானம்.”

“பாத்தீங்களா மாமா!” மச்சான் மேசையைத் தட்டினான். பேனாவைத் திறந்தான். “என்ன பேசினாரு? ஒரு வார்த்தை விடாம சொல்லும்மா.”

“எங்க ஸ்டோர்காரர்கிட்டதான் பேசினாரு. உங்க எடத்துக்குத்தானே சார் அவர் வர்றதா இருந்தாரு? ‘நீங்க வர வேணாம், எங்க ஆளை அனுப்ப எனக்கு மனசில்ல, அவருக்கு பிரமோஷன் வாங்கிட்டேன், திங்கட்கிழமை காலையில என் கையாலயே ஆர்டரைக் குடுக்கப்போறேன்’னாராம். அதான் எங்காளு இங்கயே தங்கிட்டாரு. குடுத்துட்டாரா சார்?”