பாகு போட்டு ஒட்டிய புத்தகம்

கடலைமிட்டாய் போடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு, எதையாவது ஒட்ட வேண்டும் என்றால் முதலில் வெல்லப்பாகுதான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் அது என் குற்றமில்லை, வளர்ப்பு.

கடம்பூரில் பெண் பார்த்துவிட்டுக் கோவில்பட்டி திரும்பிய வாரம், அந்தப் பெண் மகேஸ்வரி போனில் கேட்டாள்: "உங்க கையால என்ன செய்வீங்க?"

மிட்டாய் பாக்கெட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முந்தின நாள்தான் யூடியூபில் ஒருவர் நூல் கோத்துப் புத்தகம் தைப்பதைப் பார்த்திருந்தேன். "புத்தகம் செய்வேன்" என்றேன். (வாயில சனி!)

"அப்ப நிச்சயதார்த்தத்துக்கு எனக்கு ஒண்ணு செஞ்சு கொண்டாங்க, படம் வரைய. பொய் சொல்லுத ஆளு எனக்கு ஆகாது. இப்பமே சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் அந்த யூடியூப் வீடியோவேதான். தையல் என்னவோ நன்றாகவே வந்தது. தாள்களை மடித்து, துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்தேன். அட்டைக்குச் சுங்குடித் துணி ஒட்டுவதுதான் பாக்கி. அம்மா தீப்பெட்டி ஆபீசில் பசை காய்ச்சிப் பழகியவள்.

"மைதா காய்ச்சித் தாரேம்லே. மயில்துத்தம் போட்டா பூச்சி அண்டாது" என்றாள்.

நான் கேட்டால்தானே? மைதா துணியில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. நம் வீட்டுப் பாகு கடலையையே பிரிய விடாது, துணி எம்மாத்திரம்! ஒரு கரண்டி எடுத்து, கொஞ்சம் இளக்கித் தடவி, மிட்டாய்த் தட்டை மேலே வைத்து அழுத்தினேன். காய்ந்ததும் அட்டை பளபளவென்று விறைத்து நின்றது. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

நிச்சயதார்த்தம் நல்ல வெயில் காலத்தில். பூ, பழத்தோடு புத்தகத்தையும் தாம்பாளத்தில் வைத்திருந்தோம். மண்டபத்துத் தகரக் கூரைக்கடியில் பாகு இளகிவிட்டது. மகேஸ்வரி புத்தகத்தைத் தூக்கினாள், தாம்பாளமும் சேர்ந்து வந்தது. வாழைப்பழச் சீப்பு சரிந்து அவள் தாய்மாமா மடியில் விழுந்தது. அவள் பிய்த்து எடுத்ததும், அட்டைக்குள்ளிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கி அவள் வளையல் வரை ஊர்வலம் போயின.

அவள் அப்பா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஏ, வெல்லப்பாகுல்லா!"

மண்டபமே சிரித்தது. இத்தோடு எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

மகேஸ்வரி எறும்பைத் தட்டிக்கொண்டே புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெசமாவே இவியதான் செஞ்சிருக்காவ. கடையில வாங்குனா இப்படி இருக்காதுப்பா" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்னும் யாரிடமும் சொல்லி முடிக்கவில்லை.

இப்போது அவள்தான் வீட்டில் புத்தகம் தைக்கிறாள். அம்மா துத்தம் போட்டுப் பசை காய்ச்சித் தருகிறாள். எனக்குத் தாள் மடிக்க மட்டும் அனுமதி, அதுவும் கையைக் கழுவிவிட்டு வந்தால்தான்.

மாமனாருக்கு மட்டும் இன்னும் அலுக்கவில்லை. புதுப் பஞ்சாங்கம் வாங்கினால்கூட, பிரிக்கும் முன் மேசையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு என்னைப் பார்ப்பார்.

"மாப்ள, எறும்பெல்லாம் படிச்சு முடிச்சிட்டுதா? நாங்க படிக்கலாமா?"