நான்கு பேர் இறுக்கிய திருகாணி

சமுகமளித்தோர்: தலைவர் தவரத்தினம், மேசையின் தலைமாட்டில். உபதலைவர் மடுத்தீன், அவருக்கு வலப்பக்கம், அவரைவிட ஓர் அங்குலம் முன்னால். போஷகர் கனகம்மா அக்கா, ஹீற்றருக்குப் பக்கத்தில். செயலாளராகிய நான், கதவோரம், குறிப்பேட்டுடன். மரியகொறற்றி நின்றார். எமது துப்பாக்கி சுடும் கழகத்தில் சுடத் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆகவே நிர்வாக சபையில் அவருக்குக் கதிரை இல்லை.

இடம்: பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல், தலைவரின் பலசரக்குக் கடைப் பின்னறை. சனி மாலை.

போட்டித் துப்பாக்கிக்கு இரண்டாவது குறிகாட்டி பூட்டுவோர் உலகெங்கும் உளர். அதை மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை சகிதம் பூட்டிய பெருமை எமது கழகத்துக்கே உரியது.

அறியாதோருக்கு ஒரு விளக்கம். குறிகாட்டி என்பது கண் வைத்துக் குறிபார்க்கும் கருவி; துப்பாக்கியின் மேலே இருக்கும் பெரியது தூரத்து இலக்குக்கு. கிட்டத்து இலக்குக்குப் பக்கவாட்டில், சரிவாக, சின்னது ஒன்று. துப்பாக்கியைச் சற்றுச் சரித்தால் சின்னது கண்ணுக்கு நேரே வரும். பெரியதைக் கழற்றாமலே சின்னதும் வேலை செய்யும் என்பதை உபதலைவர் மிகவும் ரசித்தார்.

கொறற்றி ஒபர்வில்லியேப் புறநகரில் களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்குபவர். மறுநாள் அவருக்குப் பிராந்தியப் போட்டி. தேறினால் தேசியப் போட்டி.

“நான் பூட்டிட்டன், அண்ணை,” என்றார். “அளவா இறுக்கி, சுட்டும் பாத்திட்டன். இனி ஒருத்தரும் தொடாதேங்கோ.”

“பூட்டிறது வேறை, அங்குரார்ப்பணம் வேறை, பிள்ளை,” என்றார் தலைவர். “விளக்கெண்டால் ஆளுக்கொரு திரி கொளுத்திறம். இதுக்கு ஆளுக்கொரு திருப்பு.”

“அது விளக்கு. இது ஸ்குரூ.”

“ஸ்குரூவுக்கும் ஒரு மரியாதை இருக்கல்லோ,” என்றார் கனகம்மா அக்கா.

தலைவர் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, சின்னக் குறிகாட்டியைப் பிடித்திருந்த திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினார். உபதலைவர் அரைச் சுற்று. போஷகர் சிரித்த முகத்துடன் கால் சுற்று. இறுதியாகச் செயலாளர்.

‘டக்’ என்றது. கைதட்டினோம்.

“என்ன சத்தம்?” என்றார் கொறற்றி.

“நல்லா இறுகிட்டுது,” என்றார் மடுத்தீன்.

கொறற்றி தொட்டுப் பார்த்தார். குறிகாட்டி ஆடுபல் மாதிரி ஆடியது. மாற்றுத் திருகாணி வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. ஞாயிறன்று தூரத்து இலக்குப் பத்தில் பத்து. கிட்டத்து இலக்குப் பத்தில் பூச்சியம்.

நடுவர்கள் இரங்கினார்கள். பழுது சுட்டவரால் நேர்ந்ததல்ல என்று கழகம் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் அனுப்பினால், கிட்டத்து இலக்குகளை அவர் மறுபடி சுடலாம்.

வியாழன் அவசரக் கூட்டம். அதே கதிரைகள். கொறற்றி அதே இடத்தில் நின்றார்.

“நாங்கள்தான் உடைச்சம் எண்டு எழுதவோ?” என்றார் தலைவர். “கழகத்தின்ரை மானம் என்னாகிறது?”

“அப்ப என்ரை போட்டி?”

“போட்டி வாற வருசமும் வரும், பிள்ளை. போன மானம் வருமே?”

கொறற்றி என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். பிறகு எழுந்து வேறொரு தீர்மானத்தை முன்மொழிந்தேன்: ‘அங்குரார்ப்பணத்தில் பங்குபற்றிய பிரமுகர்களின் பெயர்களை நடுவர்களுக்கு அறிவித்தல்.’

ஏகமனதாக நிறைவேறியது. பிரெஞ்சில் எழுதத் தொடங்கினேன்; நிர்வாக சபையில் அதை வாசிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்.

“எனக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்?” என்று எட்டிப் பார்த்தார் மடுத்தீன்.

“அரைச் சுற்று, அண்ணை.”

“முக்கால்! படத்திலை வடிவாத் தெரியுது.” தன் கையாலேயே திருத்தி ஒப்பமிட்டார்.

“நான் ரெண்டு கையாலையும் திருப்பினனான். அதையும் போடும்,” என்றார் கனகம்மா அக்கா. போட்டேன், ஒப்பமிட்டார். தலைவர் தமது பெயர் முதலாவதாக இருப்பதை விரல் வைத்து உறுதிசெய்து, ஒப்பமிட்டு, கழக முத்திரையும் குத்தினார்.

பட்டியலின் தலைப்பை ஒருவரும் கேட்கவில்லை. அது இது: ‘சரியாகப் பூட்டியிருந்த திருகாணியை, சுடுபவர் தடுத்தும் கேளாமல் உடைத்தவர்கள் — பதவி வரிசைப்படி.’

நான்காவது பெயர் என்னுடையது. அளவு: ‘கால் சுற்று. இதில்தான் உடைந்தது.’

உறையை ஒட்டப் போஷகர் கை நீட்டினார்.

“வேண்டாம் அக்கா,” என்றேன். “இதைக் கொறற்றி தனிய ஒட்டட்டும்.”

கொறற்றி ஒரேயொரு முறை அழுத்தினார். அஞ்சலகம் மூடுமுன் பதிவுத் தபாலில் சேர்த்தோம்.