வீட்டு மகாராணி பதவிக்கு வெற்றிடம் இல்லை

பதவி உயர்வு கிடைக்க வேண்டுமானால் முதலில் ஒரு பதவியில் இருக்க வேண்டும். எந்த நாட்டு அரசாங்கமும் இதை மறுக்காது. கிருசாந்தியின் கல்யாணம் இந்த ஒரு விதியில்தான் ஐந்து மாதம் தொங்கிக்கொண்டு நின்றது.

தொடக்கம் ஒரு வீடியோ கசெட். வருஷம் 1996, மழை விடாத மாதம்.

நியூசிலாந்தில், ஒக்லாந்தின் லின்ஃபீல்ட் பக்கம் அப்போது நாங்கள் பதினேழு தமிழ்க் குடும்பங்கள். முக்கால்வாசி யாழ்ப்பாணம். ராஜம்மா மட்டும் மலேசியா. அவளுடைய தங்கை ஈப்போவில் இருந்து யப்பான் நாடகங்களைத் தொலைக்காட்சியில் பதிந்து தபாலில் அனுப்புவாள். ஆட்கள் பேசுவது யப்பான் மொழி. கீழே ஓடுகிற எழுத்து மலாய். ராஜம்மா அதைப் பார்த்துத் தமிழில் சொல்லுவாள். புதன்கிழமை தோறும் அவள் வீட்டு வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். தேநீர், முறுக்கு, கண்ணீர்.

கதை எப்போதும் ஒன்றுதான். ஒரு பெட்டை கந்தோரில் வேலை செய்வாள். வேலை என்றால் ஆண்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது, கடதாசி பிரதி எடுப்பது. பிறகு கல்யாணம் நிச்சயமாகும். உடனே கந்தோர் முழுக்க எழும்பி நிற்கும். மேலதிகாரி பூச்செண்டு கொடுப்பார். எல்லோரும் இடுப்பு வரைக்கும் குனிவார்கள். அவள் அழுவாள். அடுத்த காட்சியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு புருஷனுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுவாள். சோற்றில் கரட் பூ. புருஷன் வீட்டுக்கு வர எத்தனை மணி ஆகிறது, ஏன் ஒரு வார்த்தைக்கு மேல் பேசுகிறானில்லை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். லின்ஃபீல்டிலும் ஒருவரும் கேட்கவில்லை.

பூச்செண்டுக் காட்சியில் மலாய் எழுத்து ஓடியது. கிருசாந்திக்கு மாமியாராக வரவிருந்த இராசமலர் கேட்டா, "ராஜம்மா அக்கா, இப்ப என்ன சொல்லுகினம்?"

"இனிமே அந்தப் பொண்ணு சூரி ரூமா ஆயிடுச்சாம்."

"அப்பிடியெண்டால்?"

"சூரின்னா மகாராணி. ரூமான்னா வீடு. வீட்டு மகாராணி லா."

மலேசியாவில் அடுப்படியில் நிற்கிற எல்லாப் பெண்களுக்கும் படிவத்தில் அதைத்தான் எழுதுவார்கள் என்று ராஜம்மா தொடர்ந்து சொன்னாள். இராசமலருக்கு அது காதில் ஏறவில்லை. மகாராணி என்ற இடத்தில் காது அடைத்துவிட்டது.

"அப்ப இது விலகிறதில்லை," என்றா. "பதவி உயர்வு!"

அன்றைக்குப் பிடித்தது சனி. ஒரே மாதத்தில் லின்ஃபீல்ட் யப்பானாகிவிட்டது. சேலைக்கு மேல் ஏப்ரன். இடியப்பத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பூவாக்கினார்கள். வேலையால் வருகிற ஆண்கள் வாசலில் நின்று "வந்திட்டன்" என்று அறிவிக்க வேண்டும் என்று ஒழுங்கு வந்தது. நானும் ஒருநாள் அறிவித்தேன்.

"தெரியுது. கதவைச் சாத்துங்கோ, குளிர்," என்றா வீட்டுக்காரி.

இராசமலரின் ஒரே மகன் திலக்சன். காப்புறுதிக் கம்பனியில் கம்பியூட்டர் வேலை. கரட் பூச் சோற்றைக் காருக்குள் ஒளித்திருந்து சாப்பிட்டான். அவனுக்கும் கிருசாந்திக்கும் வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது.

கிருசாந்தி பேராதனையில் விவசாயம் படித்துப் பட்டம் பெற்றவள். புளொக்ஹவுஸ் பேயில் தமையன் நவரத்தினத்தோடு இருந்தாள். இரண்டு வருஷத்தில் அறுபத்தொரு வேலைக்கு எழுதினாள். அறுபத்தொரு பதிலும் மரியாதையாக வந்தன. உள்நாட்டு அனுபவம் இல்லை. அனுபவம் வேண்டுமானால் வேலை செய். வேலை வேண்டுமானால் அனுபவம் கொண்டு வா. இந்த இரண்டையும் இந்த நாட்டில் இரண்டு வெவ்வேறு அதிகாரிகள் சொல்லுவார்கள். ஒரே ஆள் சொன்னால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

இராசமலர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டா.

"பிள்ளை, கல்யாணத்துக்கு முதல் நீர் எந்த வேலையால விலகப் போறீர்?"

"எனக்கு வேலை இல்லையே மாமி."

"அப்ப எப்பிடி மகாராணி ஆகிறது?"

"வேலை இல்லாதவள் வீட்டிலதானே இருக்கிறன்? இப்பவே ஆகிட்டன் போல."

"அது சும்மா இருக்கிறது. இது பதவி. ரெண்டையும் குழப்பாதேயும்."

இராசமலரின் புருஷன் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த நாட்டுக்கு வந்தபின் கோப்பு இல்லாமல் ஆள் மெலிந்து போனார். மனைவி விஷயத்தைச் சொன்னதும் முகம் தெளிந்தது. புதிதாக ஒரு கோப்புத் திறந்தார். மேலே எழுதினார்: "பொருள்: வீட்டு மகாராணி பதவி. பதவி உயர்வு ஒழுங்குகள்." முதலாம் பந்தி: விண்ணப்பதாரி குறைந்தது மூன்று மாத காலம் சம்பளம் பெறும் உத்தியோகம் ஒன்றில் இருந்திருத்தல் வேண்டும். இரண்டாம் பந்தி: மேற்படி உத்தியோகத்திலிருந்து பூச்செண்டுடன் விலகுதல் வேண்டும். மூன்றாம் பந்தி: இவ்விரண்டும் நிறைவேறாதவிடத்து மணவறை ஏறுதல் அனுமதிக்கப்படமாட்டாது.

திலக்சனிடம் காட்டினார்கள். "அம்மா சொல்றது சரி," என்றான். கிருசாந்தியைப் பார்த்தான். "கிருசாந்தி சொல்றதும் சரி." அதோடு அவன் பங்கு முடிந்தது.

செல்வரத்தினமே கிருசாந்தியை வேலைவாய்ப்புக் கந்தோருக்குக் கூட்டிப் போனார். கோப்பையும் கூட்டிப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மணி. அவளுக்கு முன்னாலும் ஒரு படிவம்.

"என்ன காரணத்துக்காக வேலை தேடுகிறீர்கள்?"

"விலகுவதற்காக," என்றார் செல்வரத்தினம்.

அம்மணி பேனையைக் கீழே வைத்தாள். "எப்போது விலகுவீர்கள்?"

"ஏப்ரல் முப்பது. மூன்று மாத சேவை முடிந்தவுடன்."

"நிச்சயமாக?"

"எழுத்தில் தரலாம்."

அம்மணியின் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷமாக அந்தப் படிவத்தில் 'எவ்வளவு காலம் வேலை செய்ய உத்தேசம்' என்ற கட்டம் இருக்கிறதாம். எல்லோரும் நீண்டகாலம் என்றுதான் எழுதுவார்களாம். ஒருவரும் உண்மை சொன்னதில்லையாம். உடனே தொலைபேசியை எடுத்தாள். புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்கிற கொட்டிலொன்றில் ஆள் தேவை. வெங்காயக் காலம் ஏப்ரல் முப்பதில் முடிகிறது.

"உள்நாட்டு அனுபவம்?" என்று கிருசாந்தியே பயந்து பயந்து கேட்டாள்.

"விலகப் போகிறவருக்கு அது எதற்கு?" என்றாள் அம்மணி.

அறுபத்தொரு கடிதத்தில் கிடைக்காதது ஒரு இராஜினாமாவில் கிடைத்தது.

தை கடைசியில் வேலைக்குப் போனாள். விடியவே எழும்பி, தெற்கே அரை மணிக்கு மேல் கார் ஓட வேண்டும். தமையன் பழைய காரொன்று வாங்கிக் கொடுத்தான். பெல்ட்டில் வெங்காயம் ஓடும். அழுகலைப் பொறுக்கி எறிய வேண்டும். அவ்வளவுதான் வேலை. மூன்றாம் நாள் கிருசாந்தி பெல்ட்டை விட்டுவிட்டு முதலாளியிடம் போனாள். முழங்காலுக்கு மேல் காற்சட்டையும் றப்பர் சப்பாத்துமாக ஒரு பெரிய மனுஷன். வெங்காயத்தின் கழுத்துக் காய முதல் சாக்கில் போடுகிறீர்கள், அதுதான் அழுகுகிறது என்றாள்.

"நீ யார்?"

"பெல்ட்டில் நிற்கிறேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு வருஷம் படித்தேன்."

"வெங்காயத்தையா?"

"வெங்காயத்தையும்."

அந்த ஆள் யோசித்தான். பத்து நாள் காய விட்டுப் பார்த்தான். அழுகல் பாதியாய்க் குறைந்தது. சித்திரை பிறந்த கிழமை அவளைக் கூப்பிட்டு, தரம் பார்க்கிற மேற்பார்வையாளர் வேலை தருகிறேன் என்றான். நிரந்தரம். கம்பனிக் கார். காலம் முடிந்தாலும் வேலை முடியாது.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பிள்ளை சத்தம் போட்டுச் சிரித்ததாகத் தமையன் சொன்னான். அந்தச் சிரிப்போடு நேரே மாமி வீட்டுக்குப் போனதுதான் பிழை.

"மாமி, நான் விலகேல்லை."

இராசமலர் ஏப்ரனில் கையைத் துடைத்தா. "மண்டபம் எடுத்தாச்சு. பூச்செண்டுக்குச் சொல்லியாச்சு. அழைப்பில பிரியாவிடை எண்டு அடிச்சாச்சு."

"பிரியாவிடை தானே மாமி? பிரியாத விடை. அப்ப பிரியத் தேவையில்லை."

"பகிடி விடாதேயும். மகாராணிப் பதவி வருது, நீர் வெங்காயத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்!"

"வெங்காயத்துக்கு நடுவில நான் இப்பவே மகாராணிதான்."

"பதவி உயர்வு வேண்டாமெண்டுற பெட்டை என்ர மகனுக்கும் வேண்டாம். முப்பதாம் திகதிக்கு முதல் ஒண்டைத் தெரிவு செய்யும். வெங்காயமோ, திலக்சனோ?"

திலக்சன் பக்கத்தில்தான் நின்றான். ஒப்பீடு அவனுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. முடிவு என்னவாகும் என்ற பயமும் தெரிந்தது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. மூன்று மணி. லின்ஃபீல்ட் மண்டபத்தில் பதினேழு குடும்பமும். மேடையில் ஒரு மேசை, மேசையில் கோப்பு, கோப்புக்குப் பின்னால் செல்வரத்தினம் கோட்டுப் போட்டுக்கொண்டு. பூச்செண்டு திலக்சன் கையில். முன் வரிசையில் எட்டுப் பெண்கள், குனிவதற்கு ஒத்திகை பார்த்து வந்திருந்தார்கள்.

செல்வரத்தினம் தொண்டையைச் செருமினார். "இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், செல்வி கிருசாந்தி அவர்கள் தமது உத்தியோகத்திலிருந்து விலகி, வீட்டு மகாராணியாகப் பதவி உயர்வு பெறுகிறார். இராஜினாமாக் கடிதத்தில் கையொப்பம் இடுவார்."

கிருசாந்தி மேடைக்குப் போனாள். பேனையை எடுத்தாள். திலக்சனைப் பார்த்தாள். அவன் பூச்செண்டைப் பார்த்தான்.

"மாமா, ஒரு கேள்வி," என்றாள்.

"கேளும் பிள்ளை."

"இந்த வீட்டு மகாராணிப் பதவியில இப்ப ஆர் இருக்கினம்?"

செல்வரத்தினம் கோப்பைப் பார்த்தார். கோப்பில் இல்லை. மனைவியைப் பார்த்தார்.

"நான்தான்," என்றா இராசமலர். "வேற ஆர்? முப்பத்தினாலு வருஷமா."

"அப்ப வெற்றிடம் இல்லையே மாமா."

கச்சேரியில் பழகிய மனுஷன். அந்தச் சொல் காதில் விழுந்ததும் முதுகு நிமிர்ந்தது. "ஓம். சரி. வெற்றிடம் இல்லாத பதவிக்கு நியமனம் செய்ய ஏலாது. விதி." பேனையை அவள் கையிலிருந்து வாங்கி மூடி போட்டார். "பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது. விண்ணப்பதாரி வெற்றிடம் ஏற்படும்வரை தற்போதைய உத்தியோகத்திலேயே தொடரலாம்."

"கல்யாணம்?" என்றான் திலக்சன். அவன் அன்றைக்குப் பேசிய ஒரே சொல்.

"விண்ணப்பதாரியில் பிழை இல்லை. கல்யாணத்துக்கு ஆட்சேபனை இல்லை."

கிருசாந்தி மேடையால் இறங்கினாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். வைகாசியில் தாலியும் ஏறியது. அதெல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்கில்லாமல் போனது மற்றது.

அன்றைக்கு மண்டபத்தில் இராசமலர் விடவில்லை. மேடைக்கு ஏறினா. "வெற்றிடம் தானே பிரச்சினை? நான் விலகிறன். கொண்டாங்கோ அந்தக் கடிதத்தை."

"இஞ்சேரும், ஆறுதலாய்."

"கொண்டாங்கோ எண்டுறன்!"

செல்வரத்தினம் கோப்பை முன்னுக்குப் புரட்டினார். பின்னுக்குப் புரட்டினார். "உம்மட இராஜினாமாவை ஏற்க ஏலாது."

"ஏன் ஏலாது?"

"நியமனக் கடிதம் இல்லை. நீர் இந்தப் பதவியில இருந்ததுக்கு ஒரு பதிவும் இல்லை."

"முப்பத்தினாலு வருஷம்!"

"பதிவு இல்லை."

"அப்ப நீங்கள் முப்பத்தினாலு வருஷமாச் சாப்பிட்டது?"

"அது கோப்பில இல்லை."

ஆண்கள் நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். நல்ல பகிடி. கொஞ்ச நேரத்தில் எங்கள் சிரிப்பு மட்டும்தான் கேட்கிறது என்று தெரிந்தது.

இராசமலர் மெதுவாகக் கேட்டா.

"அப்ப நான் விலகத் தேவையே இல்லை?"

"இல்லை."

"நாளைக்கு நான் அடுப்படிக்கு வராட்டி, ஏன் வரேல்லை எண்டு ஒருத்தரும் கேக்க ஏலாது?"

செல்வரத்தினம் நேர்மையான உத்தியோகத்தர். "விதிப்படி... ஏலாது."

"ஏன் நாளைக்கு?" என்றுவிட்டு இராசமலர் ஏப்ரனைக் கழற்றிக் கோப்பின்மேல் வைத்தா.

முன் வரிசையில் குனிவதற்காக வந்திருந்த பத்மாவதி எழும்பினா. "எனக்கும் ஒருத்தரும் கடிதம் தரேல்லை."

"எனக்கும் இல்லை," என்றா அன்னபாக்கியம்.

"எனக்கு மட்டும் குடுத்தாங்களா என்ன?" என்றாள் ராஜம்மா. "யாரும் தரலை லா."

என் வீட்டுக்காரியும் எழும்பினா. கைப்பையை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வெளியே போனா. எல்லோரும் ராஜம்மா வீட்டுக்குப் படம் பார்க்கப் போனதாகப் பிறகு தெரிந்தது.

அன்று பின்னேரம் ஐந்தரைக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு ஏதும் வாங்க, இங்கே டெய்ரி என்கிற தெருமூலைக் கடைக்கு நான் போனேன். எனக்கு முன்னால் செல்வரத்தினம் உட்பட ஆறு பேர் நின்றார்கள். ஒருவரும் ஒருவரை முகம் பார்க்கவில்லை. பாண் முடிந்துவிட்டது என்று கடைக்காரன் சொன்னான்.