இரண்டடிப் பாட்டின் வயது

திருவருள் முன்னிற்க.

பழுகாமம்,
வியாழக்கிழமை.

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்ந்த மைத்துனர் வல்லிபுரம் ஆசிரியர் அவர்களுக்கு, சாமித்தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை கண்ணகையும் நலம். உங்கள் முழங்கால் நோவு தணிய அம்மனை வேண்டுகிறேன். அந்நோவு கூடியதற்குக் காரணம் நானே என்பதால் வேண்டுதலில் சற்றுக் கூச்சமும் உண்டு.

சென்ற மாதம் களுவாஞ்சிக்குடியில், உலகை அறிய உதவுவது சமயமா விஞ்ஞானமா என்று நாம் வாதிட்டோம். விஞ்ஞானம் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றும் என்றேன், சபை சிரித்தது. காற்றைக் கண்ணால் கண்டவர் உண்டோ என்றேன், கைதட்டியது. நீங்களோ எழுந்து, என் கட்சியை என்னிலும் தெளிவாக எடுத்துச் சொல்லி, "மச்சான், நீங்க சொல்றது இதுதானே? பிழையெண்டா திருத்துங்க" என்றீர்கள். ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசியிருப்பேன். அந்தப் பண்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே மறைத்து வைத்திருந்த ஆயுதத்தை எடுத்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சித்தர் வாக்கு என்று முழங்கி,

அணுவுள் அணுச்சுழலும் ஆங்கதனுள் ஈசன்
நுணுகிநின் றாடும் நடம்

என்று பாடினேன். சபை எழுந்து நின்றது. நீங்கள் மட்டும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "இது உண்மையிலே பழசெண்டா நான் தோத்தன். விசாரிச்சிட்டுச் சொல்றன்" என்றீர்கள்.

மைத்துனரே, அந்தச் சித்தர் அடியேன்தான். பாட்டு அன்று காலை ஆட்டோ பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கையில் யாத்தது. விரல்விட்டு நான் சீர் எண்ணியபோது பக்கத்தில் இருந்தவள் கண்ணகை.

நீங்கள் அந்த முழங்காலோடு யாழ்ப்பாணம்வரை பஸ்ஸில் போய் இரண்டு நூலகங்களில் ஏடு புரட்டினீர்கள் என்றும், பாட்டு அகப்படாதபோதும் சாமித்தம்பி தெரிந்தே பொய் சொல்லார் என்பதையே சான்றாகக் கொண்டு, வரும் ஞாயிறு உங்கள் பழைய மாணவர் முன்னிலையில் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போகிறீர்கள் என்றும் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றே, "கோயில்ல தேவாரம் படிக்கிற வாயால எங்கட அண்ணனை ஏமாத்திப்போட்டு, மறுகா திருநீறு வேற பூசுறீங்க" என்றாள். அன்றிலிருந்து என் கறியில் உப்பில்லை. கேட்டால் இரத்த அழுத்தத்துக்கு நல்லதாம், விஞ்ஞானமாம்.

ஞாயிறன்று உங்களுக்கு முன்னதாக நானே மேடையேறி உண்மையைச் சொல்வேன். இறைவனுக்காகப் பேசப் போனவன் கள்ளச்சாட்சியைக் கூட்டிப் போயிருக்கக் கூடாது. அதன்பின் மீண்டும் வாதிடுவோம். இம்முறை நீங்கள் "ஓம், அதுதான்" என்று தலையாட்டும்வரை உங்கள் கட்சியை நான் எடுத்துச் சொல்வேன், பிறகுதான் மறுப்பேன். அப்படித் தோற்பதில் எனக்கு இப்போது ஓர் ஆசைகூட உண்டு.

அம்மன் அருளால் உங்கள் இல்லம் நிறைக. பேத்தி தனுஷியாவுக்கு எங்கள் ஆசி.

என் பிழை பொறுக்க வேண்டும்
தங்கள் மைத்துனன்,
சாமித்தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் வேளையில் கோயில் செயலாளர் பிரதீஸ் வந்து, "ஐயா, உங்கட சித்தர்ர பாட்டு ஏட்டிலயே கிடைச்சிட்டு" என்று போனில் படம் காட்டினார். யாரோ ஒரு வைத்தியர் வீட்டு ஓலையில் அதே இரண்டடி. நேற்றுக் கீறியதுபோலத்தான் எனக்குத் தெரிகிறது. பாட்டு என்னுடையது என்றேன். "உங்களுக்கு வயசு போயிட்டு ஐயா. எங்கயோ படிச்சிருப்பீங்க, மறந்திட்டீங்க" என்கிறார். கண்ணகையைச் சாட்சிக்கு அழைத்தேன். பொஞ்சாதி சாட்சி எடுபடாதாம். ஞாயிறன்று நான் எதைச் சொன்னாலும் சபை இனி நம்பப் போவதில்லை. ஓலையின் வயதைக் கண்டறிய விஞ்ஞானத்தில் வழி ஏதும் உண்டா? உண்டெனில் உங்கள் பூதக்கண்ணாடியுடன், இக்கடிதம் கண்டதும் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். என் பாட்டு என்னுடையதுதான் என்று நிறுவ எனக்கு உங்களை விட்டால் வேறு ஆளில்லை.