சோத்துப் பருக்கை ஒட்டின ரெண்டு கவரு

சிலுவைமுத்து வேலைய வுட்டுர்றதுன்னு முடிவு பண்ணது ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், கறிக்கொழம்பு சாப்ட்டுகினு இருக்கசொல்ல. அந்த மனுசனுக்கு எப்பவும் அப்டித்தான். பூசைக்குப் போயி வர்ற வரைக்கும் மூஞ்சி ஞாயித்துக்கெழமயா இருக்கும். எலும்பக் கடிக்கசொல்லவே திங்கக்கெழம ஆயிடும். பொண்டாட்டி ஹில்டா வாராவாரம் கேப்பா, மூஞ்சி ஏன் இப்டி கீதுன்னு. ஒண்ணுமில்லன்னுவான். அவ வுடாம கேப்பா. இவன் எந்திரிச்சிப் போயி கை கழுவிடுவான்.

வேல இன்னா வேல? திருவொத்தியூருக்கு அந்தாண்ட ஒரு கண்டெய்னர் யார்டு. அதோட கேட்டுல தகரக் கூண்டு. லாரி வந்து நிக்கும். பெட்டி நம்பர எழுதணும், பூட்டுல சீல் ஒடையாம கீதான்னு பாக்கணும், அனுப்பணும். பதினாலு வருஷம். எந்தப் பெட்டிக்குள்ள இன்னா கீதுன்னு ஒரு நாளும் தெரியாது. டிரைவருங்க 'இன்னா கேட்டு'ன்னு தான் கூப்புடுவாங்க. சிலுவைமுத்துன்னு பேரு வெச்சதே ஒரு கத. பொறந்தப்போ மூணு பேரு எழுதி சீட்டு குலுக்கினாங்க. அவங்க அத்த மூணு சீட்லயும் ஒரே பேரத் தான் எழுதி வெச்சிருந்துச்சு. அப்ப புடிச்சே அவன் தலயெழுத்து பொம்பளைங்க கையெழுத்துல தான். அத வுடு. அவ்ளோ திருட்டுத்தனம் பண்ணி வெச்ச பேரு, இப்ப சம்பளச் சீட்டுல மட்டும் தான் கீது.

ஹில்டாகிட்ட சொல்லிட்டு ராஜினாமா பேப்பர் போட முடியாது. வேணாம்னு சொல்லமாட்டா. வுட்டுட்டு இன்னாய்யா பண்ணப்போறன்னு கேப்பா. அதுக்குத் தான் அவன்கிட்ட பதில் இல்ல. அதனால ஒரு திட்டம் போட்டான். செவ்வாய்க்கெழம காலையில அவ அந்தோணியார் கோயில் நவநாள் செபத்துக்குப் போயிடுவா. அந்த நேரத்துல பேப்பர் போட்டுட்டா, திரும்பி வந்து கேள்வி கேட்டு இன்னா ஆவப்போவுது?

திங்கக்கெழம சாய்ங்காலம் ரெண்டு லெட்டரு எழுதினான். மேனேஜருக்கு மூணே வரி. சொந்தக் காரணம், வேலைய வுடறேன், ஒத்துக்கணும்.

அந்தோணியாருக்கு ரெண்டு பக்கம். தொலஞ்சதத் தேடிக் குடுக்குறவரு இல்லியா அவரு? எதுத்த வூட்டு கன்னியம்மா மூக்குத்திய மீன் கூடையில காட்டிக் குடுத்ததே அவரு தான். கன்னியம்மா அம்மன் கோயிலுக்குக் கூழு ஊத்துறவ, இன்னிக்கும் செவ்வாய்க்கெழம ஆச்சின்னா மெழுகுவத்தி வாங்கிக் குடுத்துடுவா. 'புனிதரே'ன்னு ஆரமிச்சி அவர்கிட்ட சிலுவைமுத்து எல்லாத்தையும் கொட்டினான். தகரக் கூண்டுல மண்ட காயுது. சாப்ட்டியான்னு ஒரு ஆளு கேட்டதில்ல. பெட்டிங்க எல்லாம் கப்பலேறிப் போவுது, நான் மட்டும் நின்ன எடத்துல கீறேன். என்னைய எங்கியோ தொலச்சிட்டேன் சாமி, கொஞ்சம் தேடிக் குடும். கடேசியா ஒரு வரி: 'பெட்டிக்குப் போடற சீல் மாரி எம் பொண்டாட்டி வாய்க்கும் ஒண்ணு போட்டு வுடும்.'

ரெண்டும் ஒரே மாரி கவரு. மேல பேரு எழுதல. சோத்துப் பருக்கை வெச்சி ஒட்டினான். ஒண்ண ஹில்டாகிட்ட குடுத்து கோயில்ல விண்ணப்பப் பொட்டியில போடச் சொன்னான். இன்னொண்ணு சட்டப் பையில. மறுநாள் காலையில சட்டய ஆணியில மாட்டிட்டு குளிக்கப் போனான். சோத்துப் பருக்கை பிரிய எவ்ளோ நேரம் ஆவும்?

மேனேஜரு ஆன்றோ தூத்துக்குடி பக்கத்து ஆளு, வயசுல இவனுக்குச் சின்னவரு. கவரக் குடுத்துட்டு சிலுவைமுத்து தலய குனிஞ்சிகினு நின்னான். ஆன்றோ படிச்சாரு. படிச்சிகினே இருந்தாரு. பக்கத்தத் திருப்பினாரு. மூணு வரிக்கு எதுக்கு ரெண்டாம் பக்கம்னு இவனுக்குப் புரியல.

ஆன்றோ கண்ணாடியக் கழட்டினாரு. "அண்ணே, என்னிய இதுவரைக்கும் யாரும் புனிதர்னு கூப்ட்டதில்ல."

சிலுவைமுத்து நிமுந்து பாத்தான். மேனேஜரு கையில இருந்தது அந்தோணியாருக்கு எழுதினது.

"சாப்ட்டீங்களா?"ன்னாரு ஆன்றோ.

அதுக்கு மேல கவர் மாறிடுச்சின்னு எப்டி சொல்றது? பெட்டியில சரக்கு ஏத்துற ஷெட்டுல ஒரு ஆளு வேணும்னு சொன்னாரு ஆன்றோ. உள்ள இன்னா போவுதுன்னு பாத்து எழுதற வேல. திங்கக்கெழமலேர்ந்து போங்கண்ணே, பாப்போம், புடிக்கலன்னா என்கிட்டயே சொல்லுங்கன்னாரு. சிலுவைமுத்து வேலைய வுடப் போயி வேலையோட வூட்டுக்கு வந்தான்.

ஹில்டா நெத்திலி வறுத்துகினு இருந்தா.

"நீ கவர மாத்திட்டியா?"ன்னான் சிலுவைமுத்து.

"மாத்தினேன்."

"அது அந்தோணியாருக்கு எழுதினது."

"உன் மனசுல கீறது அவருக்குத் தெரியாதாய்யா? தெரியாதவங்களுக்குத் தான லெட்டரு போடணும். மேனேஜருக்குத் தெரியாது." மீனத் திருப்பிப் போட்டா. "எனக்கும் தான் தெரியாது. நேத்து வரிக்கும்."

சிலுவைமுத்து அடுப்புப் பக்கம் வந்தான்.

"அப்ப ராஜினாமா?"

"அந்தோணியார் பொட்டியில கீது. அவரு ஒத்துக்கினாருன்னா வுட்டுடு. அவருக்கு அவசரம் இல்ல."

சிலுவைமுத்துக்கு சிரிப்பு வந்துச்சு. பாதியிலயே நின்னுடுச்சு. கடேசி வரி ஞாபகம் வந்துடுச்சு.

"மேனேஜரு ரெண்டு பக்கமும் படிச்சாரே."

"அடியில கொஞ்சம் கிழிச்சிட்டுத் தான் உன் சட்டப் பையில வெச்சேன்." உப்பு ஜாடிய நவுத்தினா. கீழ நீட்டுத் துண்டா ஒரு பேப்பரு. "இது அவருக்கும் வேணாம், அந்தோணியாருக்கும் வேணாம். இதுக்கு நானே பதிலு சொல்லிடறேன். உக்காரு."

சிலுவைமுத்து உக்காந்தான். நெத்திலி ஆறிப்போச்சு, பதிலு முடியல.