லேபிள் இல்லாத கம்பளி

ஒரு காட்டில், செல்போனுக்கு இரண்டு கோடு சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைக்குப் பக்கத்தில், சென்னியப்பன் என்ற செம்மறிக் கடா தன் மனைவி தெய்வாத்தாளோடும் ஒரே மகள் வர்ஷிணியோடும் வாழ்ந்து வந்தார். ஆட்டுக்கு எதற்கு இந்த ‘ஆர்’ விகுதி என்று கேட்பவர்கள் அவருடைய கொம்பை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்து கேட்கலாம்.

அந்தக் காட்டுக்கு வடக்கே வெண்கூரை மலை இருந்தது. மார்கழியில் பத்து நாள் அங்கே முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டும். நம் பக்கத்து மலையில் அப்படியெல்லாம் கொட்டுமா என்று சந்தேகப்பட வேண்டாம். ஆட்டிடம் செல்போன் இருப்பதை ஒப்புக்கொண்டவர்கள் இதையும் ஒப்புக்கொள்ளலாம்.

வர்ஷிணிக்குப் பனியில் உருள வேண்டும் என்று ஆசை. குட்டியாகக் கண் திறந்த நாளிலிருந்தே ஆசை. முதல் வருஷம் சென்னியப்பன் அழைத்துப்போவதாகச் சொன்னார். முன்பதிவுச் செயலி கடைசிக் கட்டத்தில் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. இரண்டாம் வருஷமும் சொன்னார். ஓடிபி அவருடைய பழைய நம்பருக்குப் போனது. பழைய நம்பர் ஓடையில் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வர்ஷிணி அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அப்பா எதைச் சொன்னாலும், “சரிப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேயப் போய்விடுவாள். சென்னியப்பனுக்கு அந்த “சரிப்பா”தான் தாங்கவில்லை. அடுத்த வருஷம் அவள் பெரிய மந்தையில் சேர்ந்துவிடுவாள், அப்புறம் அப்பாவோடு எங்கே ஊர் சுற்ற வரப்போகிறாள்? மகளிடம் தன் வாக்கைக் காப்பாற்ற இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் வருஷம் பதிவு கிடைத்தது. தெய்வாத்தாள் செல்போனை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“குடும்பப் பனி நாள். மூணு பேர். சறுக்குப் பலகை, பனிப் பந்து, விலங்குச் சந்திப்பு. ஏனுங்க, விலங்குன்னா என்ன விலங்குங்க?”

“கீழ போட்டிருக்கும் பாரு.”

“ஓநாய் படம் போட்டிருக்குதுங்க.”

“வேலி கட்டியிருப்பாங்க தெய்வா,” என்று சென்னியப்பன் தைரியமாகச் சொல்லிவிட்டு, அன்று முழுவதும் அந்த வேலி எத்தனை உயரம் என்று செல்போனில் தேடிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் கிளம்பி ஒன்பது மணிக்கு மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே வரிசை ஏற்கெனவே மூங்கில் தோப்பு வரைக்கும் வந்திருந்தது. யானைக் குடும்பம் ஒன்று ஜமுக்காளத்தில் தைத்த ஸ்வெட்டரோடு நின்றது. காட்டெருமைகள் குரங்குக் குல்லாய் போட்டிருந்தன. குரங்குகள் மட்டும் அந்தக் குல்லாய் வேண்டாம் என்று தகராறு செய்துகொண்டிருந்தன. கால் கடுக்க இரண்டு மணி நேரம் நின்ற பிறகு சென்னியப்பனின் முறை வந்தது. வாசலில் மேசை போட்டு ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது.

“வாங்க சார். கம்பளி ஸ்வெட்டர் எங்க?” என்றது முள்ளம்பன்றி.

சென்னியப்பன் தன் உடம்பைத் திரும்பிப் பார்த்தார். “இதெல்லாம் கம்பளிதானுங்களே.”

“லேபிள் இருக்கா?”

“என்னதுங்க?”

“லேபிள் சார். சைஸ் என்ன, எப்படித் துவைக்கணும், எங்க தயாரிச்சதுன்னு போட்டிருக்கும்.”

“நானாத்தான் தயாரிச்சனுங்க. மழையில நனைஞ்சா அதுவே சுத்தமாயிருமுங்க.”

“லேபிள் இல்லாத கம்பளி, கம்பளி ஆகாது சார். பரிசோதனைக்குக் கொடுத்தீங்கன்னா லேபிள் ஒட்டித் தருவாங்க. ஆனா போட்டிருக்கிறவரோட சேர்த்துப் பரிசோதிக்க விதியில இடமில்ல. கழட்டிக் கொடுங்க.”

கழற்றுவது என்றால் எப்படி என்று சென்னியப்பன் யோசித்து முடிப்பதற்குள், பக்கத்துக் குழியிலிருந்து ஒரு பெரிய நண்டு இரண்டு கொடுக்குகளையும் சொடுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதுதான் கழற்றும் பிரிவாம். நண்டு வேலையில் கெட்டிக்காரத்தனம் காட்டியது என்பதை மறைக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் சென்னியப்பனும் தெய்வாத்தாளும் உரித்த பனங்கிழங்கு மாதிரி நின்றார்கள். குளிர் காற்று ஒன்று அடித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெய்வாத்தாள் தன் கணவனின் விலா எலும்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்க இவ்வளவு ஒல்லிங்களா? எல்லாம் முடிதானுங்களா?”

“வாய மூடு தெய்வா. வரிசையில பாக்கறாங்க.”

வர்ஷிணிக்கு மூன்று வயது நிறையவில்லை, அதனால் வெட்ட அனுமதி இல்லை என்று நண்டு விட்டுவிட்டது. அவளுடைய முடி அவளிடமே இருந்தது. ஆனால் லேபிள் இல்லாததால் அது கணக்கில் சேரவில்லை.

வெட்டிய கம்பளியைத் தூக்கணாங்குருவிகள் தைக்கும் பிரிவுக்குக் கொண்டுபோயின. பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. குருவிகளுக்குச் சாப்பாட்டு இடைவேளை வந்தது. இடைவேளை முடிந்த பிறகு தேநீர் இடைவேளை வந்தது. சறுக்குப் பலகை மூன்று மணியோடு முடிந்ததாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சென்னியப்பன் மகளைப் பார்த்தார். அவள் குளம்பால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“பனிப் பந்து இருக்குது கண்ணு.”

“சரிப்பா.”

கொஞ்ச நேரத்தில் பனிப் பந்தும் முடிந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு ஸ்வெட்டர் வந்தது. இரண்டு பெரிய ஆடுகளின் கம்பளி உள்ளே போய், வெளியே ஒரே ஒரு ஸ்வெட்டர் வந்தது. அதுவும் சின்ன சைஸ். மீதி எங்கே என்று சென்னியப்பன் கேட்டார். சுருங்கிவிட்டது என்றார்கள். குருவிகளின் கூடுகள் மட்டும் அந்த வருஷம் மெத்து மெத்தென்று இருந்ததாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அது நமக்கு வேண்டாத பேச்சு. ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டையில் லேபிள் பளபளவென்று தொங்கியது. ‘நூறு சதவீதம் கம்பளி. வெந்நீரில் துவைக்கக் கூடாது.’

சென்னியப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஸ்வெட்டரை மகளுக்கு மாட்டிவிட்டார்.

“ஒருத்தருக்கு இருந்தாப் போதும், குடும்பத்தோட உள்ள போலாம்,” என்று முள்ளம்பன்றி பெருந்தன்மையாகக் கதவைத் திறந்தது.

உள்வாசலில் ஒரு கீரி பதிவேட்டோடு நின்றது. அது வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பதிவேட்டில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஸ்வெட்டர் உள்ளவர்கள் விருந்தினர். ஸ்வெட்டர் இல்லாதவை விலங்கு. மூன்றாவதாக ஒரு கட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. கீரி, வர்ஷிணியைப் பார்த்து, “வாங்க மேடம், இந்தப் பக்கம் வரிசையில நில்லுங்க,” என்று கும்பிட்டது. பிறகு சென்னியப்பனைப் பார்த்து, பக்கத்தில் நின்ற காவலாளிக் கரடியிடம், “இது கடிக்குமா?” என்று கேட்டது.

“தெரியல. எதுக்கும் தள்ளி நின்னு பிடி,” என்றது கரடி.

“ஏங்க, நாங்க குடும்பமா வந்திருக்கமுங்க. பதிவு பண்ணியிருக்கமுங்க. ஓடிபி கூட இருக்குதுங்க,” என்று சென்னியப்பன் கத்தினார்.

“நல்லாப் பேசுதே,” என்று கீரி வியந்தது. கரடி இருவரையும் ஒரு கம்பிக் கதவுக்குள் தள்ளிப் பூட்டியது.

சென்னியப்பன் தலை நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் பனி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளையாக, யாருடைய குளம்பும் படாத பனி. வேலிக்கு அந்தப் பக்கம், பனியைச் சுத்தமாகப் பெருக்கித் தள்ளிய தரையில், விலங்குச் சந்திப்புக்கு இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். அதன் வாலில், சின்ன ஸ்வெட்டருக்குள் வர்ஷிணி நின்றாள். ஒரு குடும்பம் உள்ளே வர மூன்று நிமிடம். ஐந்து மணிக்குக் கதவு மூடப்படும்.

யாருக்காக மூன்று வருஷம் அலைந்தாரோ அவள் வெளியே நிற்கிறாள். இவர் முழங்கால் வரை பனியில் நிற்கிறார்.

“புதுசா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஓநாய். சென்னியப்பனின் முகத்தில் ஈயாடவில்லை. தெய்வாத்தாள் சட்டென்று அவர் முதுகுக்குப் பின்னால் போனாள். மறைத்துக்கொள்ள முடி இல்லாததால் அதனால் பெரிய பயன் இல்லை.

“பயப்படாதீங்க,” என்றது ஓநாய். “நானும் குடும்பத்தோட வந்தவன்தான். என் முடிக்கு லேபிள் இல்லைன்னாங்க. வெட்ட விட மாட்டேன்னேன். வீட்டுல மத்தவங்க கையோட கொண்டுவந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுப் பார்த்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. நான் அஞ்சு நாளா இங்க இருக்கேன். அந்தப் பலகையைப் படிங்க.”

பலகையில், ‘பனிநாய். உணவு: வைக்கோல்’ என்று எழுதியிருந்தது.

“அஞ்சு நாளா வைக்கோலுங்களா?” என்று தெய்வாத்தாள் கேட்டாள். அவள் குரலில் இரக்கமும் இருந்தது, கொஞ்சம் சந்தேகமும் இருந்தது.

“உங்களைத் தின்னுடலாம்தான். ஆனா விலங்கு எண்ணிக்கை குறைஞ்சா மூணு நகல்ல விளக்கம் எழுதித் தரணும். முந்தாநாள் ஒரு முயல் குறைஞ்சிது. அதுக்கே இன்னும் எழுதிட்டிருக்கேன்.” ஓநாய் வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்துக் காட்டியது. இரண்டாம் நகல் பாதியில் நின்றிருந்தது.

வரிசை ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஆமைக் குடும்பம் ஒன்று உண்மையிலேயே உள்ளே வந்துவிட்டுத் திரும்பிப் போக ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. விருந்தினர்கள் உள்ளே வந்தார்கள், சென்னியப்பனின் விலாவைத் தொட்டுப் பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். சென்னியப்பன் எதையும் பொருட்படுத்தவில்லை. இருநூறு தலைகளில் ஒரு தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் சலித்துப்போய்த் திரும்பினார்கள். வர்ஷிணி முன்னால் வந்தாள். அவளுக்கு முன் பத்துப் பேர், ஐந்து பேர், ஒரே ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம்.

காட்டுப்பன்றிகள் வெளியே போனதும் கீரி கயிற்றைக் குறுக்கே கட்டியது.

“மணி அஞ்சு. இன்னிக்கு முடிஞ்சுது மேடம். அடுத்த வருஷம் புதுசாப் பதிவு பண்ணுங்க.”

வர்ஷிணி கெஞ்சவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரியும் என்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வையில் சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடவே, நாள் முழுக்க நடந்ததெல்லாம் அவர் மண்டைக்குள் வரிசையாக வந்து நின்றது. ஸ்வெட்டர் உள்ளவர்கள் விருந்தினர். இல்லாதவை?

“அம்மிணி,” என்று கூப்பிட்டார். “ஸ்வெட்டரக் கழட்டு.”

“எதுக்குப்பா?”

“கழட்டு கண்ணு. அப்பா சொல்றனில்ல.”

இது எத்தனையோ தடவை ஏமாந்த குட்டி. குளிர் வேறு எலும்பைத் தொட்டது. அவள் வாசலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு வர்ஷிணி தலையைக் குனிந்து, பின்னங்காலால் ஸ்வெட்டரை உதறி, ஒரு முனையை வாயில் கவ்வி உருவினாள்.

கீரி திரும்பிப் பார்த்தது.

“கரடியண்ணே, விலங்கு ஒண்ணு வெளிய வந்திருச்சு,” என்று அலறியது. “விருந்தினரெல்லாம் பயப்படாதீங்க. யாரும் ஓடாதீங்க.” கரடி விழுந்தடித்து ஓடி வந்தது. இருவருமாகச் சேர்ந்து வர்ஷிணியை, வாயில் கவ்விய ஸ்வெட்டரோடு, கம்பிக் கதவுக்குள் தள்ளினார்கள். மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று கீரி கைகளைப் பிசைந்தது.

வர்ஷிணி பனியில் தலைகுப்புற விழுந்தாள். எழுந்தாள். மூக்கின் மேலிருந்த பனியை நக்கிப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே இன்னொரு தடவை விழுந்தாள். அதன்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. உருண்டாள், குதித்தாள், அம்மாவின் மொட்டை முதுகில் பனியை வாரிக் கொட்டினாள். தெய்வாத்தாள் போட்ட கூச்சலில் மலையே அதிர்ந்தது. சென்னியப்பன் அழுதார், சிரித்தார், அதற்குள் ஒரு பனி உருண்டை அவர் கொம்பில் பட்டு உடைந்தது.

இந்தக் கலவரத்தில் ஸ்வெட்டர் கதவோரம் கிடந்தது. ஓநாய் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தது.

“இது உங்களுக்கு வேணுமா?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எடுத்துட்டுப் போங்க,” என்றாள் தெய்வாத்தாள். “வெந்நீர்ல மட்டும் துவைச்சுராதீங்க.”

ஐந்து நாள் வைக்கோல் தின்ற உடம்பு. அப்படியும் ஸ்வெட்டர் நெஞ்சோடு நின்றுவிட்டது. ஆனால் லேபிள் வெளியே தெரிந்தது. கீரி அதைப் பார்த்ததும் பதறிப்போய்க் கதவைத் திறந்தது.

“மன்னிச்சுக்கங்க சார், கவனிக்கல. நேரம் முடிஞ்சுது, இப்படி வாங்க. வழி வழுக்கும், பாத்து. அனுபவம் எப்படி இருந்துச்சு சார்? அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீங்க?”

ஓநாய் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனது.

கீரி பதிவேட்டைப் பிரித்து விலங்குகளை எண்ணியது. இருக்க வேண்டியது மூன்று. இருந்ததும் மூன்று. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டது.

மறுநாள் காலையில் வரிசை மூங்கில் தோப்பையும் தாண்டிவிட்டது. வேலியோரம் வரிசையின் முன்னால் ஒரு மான் குட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட ஸ்வெட்டருக்குள் மூச்சுத் திணறிக்கொண்டு நின்றது.

“அப்பா, அந்த ஆட்டுக்குட்டி மட்டும் நேரம் போறதே தெரியாம விளையாடுதே, அது எப்படி?”

“அது மிருகம்டா கண்ணா,” என்றது அப்பா மான். “நாம அப்படியா? முறைப்படி பதிவு பண்ணி வந்திருக்கோம். நேரா நில்லு.”

வேலிக்கு உள்ளே சென்னியப்பன் வைக்கோலை மென்றுகொண்டே இதைக் கேட்டார். மகள் அடுத்த மேட்டிலிருந்து உருண்டு வருவதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். பனி தீர இன்னும் நாலு நாள் இருந்தது.

நீதி: லேபிள் உள்ளவருக்கு ‘சார்’ என்ற மரியாதையும் மூன்று நிமிடமும் கிடைக்கும், இல்லாதவருக்கு வைக்கோலும் பனி முழுவதும் கிடைக்கும். குழந்தையோடு போகிறவர்கள் வாசலிலேயே மரியாதையைக் கழற்றி வைத்துவிடுவது உத்தமம்.