செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரசிகன்

ஒரு டீம் தொடர்ந்து தோற்க ஆரம்பித்தால் ரசிகர்கள் முதலில் ரெஃப்ரியைத் திட்டுவார்கள். பிறகு மைதானத்தை, அதன் பிறகு பந்தை. ஆட்டக்காரர்களை மட்டும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் ஆட்டக்காரர்கள் எல்லாம் பக்கத்துத் தெருக்காரர்கள். சொன்னால் வீடு தேடி வந்து அறைவார்கள். ஆக, ரெஃப்ரியும் பந்தும் தீர்ந்துபோன பிறகு ரசிகர்கள் தங்களுக்குள்ளேயே ஒருத்தனைத் தேடுவார்கள். மேற்குமலை பாய்ஸ் ரசிகர்கள் அப்படித் தேடியபோது வசமாகக் கிடைத்தவன் நான்.

மேற்குமலை பாய்ஸ் என்றால் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. (போடிநாயக்கனூரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.) ஃபுட்பால் லீக்கில் முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த எங்கள் ஊர் டீம். ஏலக்காய் வியாபாரி ஒருவர் ஜெர்சி, பந்து எல்லாம் வாங்கிக் கொடுத்து நடத்தினார். அவரை எல்லாரும் மொதலாளி என்போம். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாக்குக் கடை வைத்திருக்கிறேன். அன்றும் அதே கடைதான், இன்றும் அதே கடைதான். வியாபாரத்தில் நான் கண்ட முன்னேற்றம் அவ்வளவு.

அந்த வருஷம் டீமைச் சனி பிடித்து உலுக்கியது. நன்றாகக் கோல் அடித்துக்கொண்டிருந்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தவர்களில் ஓடத் தெரிந்தவனுக்குப் பந்தை உதைக்க வராது, உதைக்கத் தெரிந்தவன் ஓட மாட்டான். கீப்பர் முத்துப்பாண்டி அண்ணன் மலைக்கு ஜீப் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டிரிப் அடித்துவிட்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, நேராகக் கோல் போஸ்டில் வந்து நிற்பார். பந்து நேரே வந்தாலும் அவர் ஒரு பக்கம் சாய்வார்.

மேட்ச் முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் கூடி ஒப்பாரி வைப்போம். அங்கேதான் ஜாபர் அந்தப் பேச்சை எடுத்தான். ஜாபர் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஏலக்காய்க் கடையில் சாம்பிள் பார்க்கிற வேலை. ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, முகர்ந்துவிட்டு, இந்தக் காய் எந்த மழையில் நனைந்தது என்று சொல்வான். (சொல்வான், அவ்வளவுதான். அது சரியா தப்பா என்று யாரும் பார்த்ததில்லை.) அதனால் எல்லா விஷயத்தையும் முகர்ந்தே கண்டுபிடித்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"மாப்ளே, காயெல்லாம் நல்ல காய்தான். மூட்டைக்குள்ள எங்கயோ நனைஞ்ச காய் ஒண்ணு கெடக்கு. அதான் மொத்த லோடும் வீச்சம் அடிக்கிது" என்றான்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். பெஞ்சே என்னைப் பார்த்தது. அன்றைக்கு நடந்தது இதுதான்: பாதி ஆட்டத்தில் நான் ஒன்றுக்குப் போக எழுந்து சுவருக்குப் பின்னால் போனேன். அந்த நேரம் பார்த்து நம் பையன் ஒரு கோல் போட்டுவிட்டான். சத்தம் கேட்டு அரையும் குறையுமாக ஓடி வந்தேன். வந்து உட்கார்ந்ததும் எதிர் டீம் வரிசையாகப் போட ஆரம்பித்தது. ஜாபர் பழைய கணக்கையும் கிளறினான். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த வாரம் டிரா. மச்சினன் கல்யாணத்துக்கு உத்தமபாளையம் போன வாரமும் டிரா. நான் இருந்த வாரமெல்லாம் மண். கேட்கக் கேட்க எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் கேவலம்.

அடுத்த ஞாயிறு என்னை மைதானத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். தோற்றோம், ஆனால் கொஞ்சம் கௌரவமாகத் தோற்றோம். அதற்கடுத்த வாரம் சிலமலைக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சாக்கு வாங்குகிற விவசாயி ஒருவர் வீட்டில் போய் உட்கார்ந்து, அவர் மாட்டைப் பற்றியே ஒன்றரை மணி நேரம் விசாரித்தேன். அன்று ரெண்டு கோல் வித்தியாசத்தில் தோல்வி. அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளி ராசிங்காபுரம். அங்கே டீக்கடையில் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். டீமுக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது, பஸ்சுக்காக என்றேன். கண் முன்னால் பஸ் வந்து வந்து போனது. அன்று ஒரே ஒரு கோலில் தோற்றோம்.

ஜாபருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சிந்திய டீயில் விரலைத் தொட்டுப் பெஞ்சின் மேலே கோடு போட்டுக் காட்டினான். நான் தள்ளிப் போகப் போக கோல் குறைகிறது. ராசிங்காபுரத்துக்கே ஒன்று என்றால், மலையேறிப் போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் போய்விட்டால் ஜெயித்துவிடுவோம். இதைக் கேட்டு ஒருத்தனாவது சிரித்திருக்கலாம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

சிரிக்கிற நிலைமையிலும் நாங்கள் இல்லை. கடைசி மேட்ச் மட்டும்தான் பாக்கி. அதில் ஜெயித்தால் முதல் டிவிஷனில் தங்கலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டும். கீழே இறங்கினால் ஜெர்சியும் கிடையாது, பந்தும் கிடையாது, டீமையே கலைத்துவிடுவேன் என்று மொதலாளி சொல்லிவிட்டார். முத்துப்பாண்டி அண்ணன் கடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பா, ஒரே ஒரு நாளு. மெட்டுத் தாண்டிப் போயிரு. போயிட்டு வந்துரு" என்றார். அவர் பந்தைப் பிடித்திருந்தால் நான் ஏன் மெட்டுத் தாண்ட வேண்டும்? இதை அன்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

நசீமாவிடம் சொன்னேன். கல்யாணமாகி ஒரு வருஷம், வயிற்றில் ஏழு மாசம். "கிறுக்கு முத்திருச்சுன்னு எங்க வீட்ல யாருக்கும் சொல்லிறாதீக" என்றாள்.

ஞாயிறு மத்தியானம் வேறொரு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஆடுகிறவர்களை வழியனுப்புவது போல எனக்குக் கைகொடுத்து அனுப்பினார்கள். கடைசி நேரத்தில் ஜாபர் என் போனைப் பிடுங்கிக்கொண்டான். ஸ்கோரைக் கேட்டாலும் தோஷம் ஒட்டிக்கொள்ளுமாம். மழை வந்தால் தலையில் போட்டுக்கொள்ளலாம் என்று கடையிலிருந்து ஒரு புதுச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். சாக்குக் கடைக்காரன் குடையா கொண்டுபோவான்? என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் அதைவிட மோசமானது வேறு இல்லை.

செக்போஸ்ட் தாண்டி ஒரு வளைவில் இறக்கிவிட்ட ஜீப்காரர், ஆறு மணிக்குத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். (வரவேயில்லை. அது வேறு கதை.) கொஞ்ச நேரத்தில் சாரல் பிடித்தது. ஒதுங்க ஒரு கடை இல்லை, ஒரு கூரை இல்லை. ரோட்டோரம் ஏலத்தோட்டத்து கேட் திறந்து கிடந்தது. உள்ளே பெரிய மரத்தடியில் நின்றால் நனைய மாட்டோம் என்று நுழைந்தேன். ரெண்டு நிமிஷத்தில் காலில் அட்டை. குனிந்து, சாக்கைக் கீழே வைத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது நீங்கள் அந்தத் தோட்டத்துக் காவல்காரராக இருந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் லீவு. காய் பழுத்து நிற்கிற நேரம். முன்பின் தெரியாத ஒருத்தன் ஏலச்செடிக்கு அடியில் குனிந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு காலிச் சாக்கு.

பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்தார். "கள்ளன், கள்ளன்" என்று அவர் போட்ட சத்தத்தில் வேலையாட்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் காய் உலர்த்துகிற ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் எங்கள் பக்கத்துத் தமிழ் சனம். அதில் பேச்சியம்மா என்று ஒரு அக்கா, போடியில் பெண் கட்டிக் கொடுத்தவராம். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இது சாக்குக் கடை பாயில்ல?" என்றார். உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது. "கடை வச்சிருக்கிற ஆளுக்கு எதுக்கு இந்தப் பொழப்பு?" என்றார்.

எதற்கு வந்தாய் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். சொல்லக்கூடிய மாதிரி ஒரு பொய்யும் அகப்படவில்லை. உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் மேட்ச் நடக்கிறது, நான் அங்கே இருந்தால் எங்கள் டீம் தோற்றுவிடும், அதனால் மாநிலம் தாண்டி வந்திருக்கிறேன் என்றேன். காவல்காரர் போலீசைக் கூப்பிடலாம் என்றார். பேச்சியம்மா அக்கா, போலீஸ் வேண்டாம், மந்திரிக்கிற ஆள் யாரையாவது கூப்பிடலாம் என்றார்.

அப்போதுதான் சூப்பர்வைசர் தங்கச்சன் வந்தார். கோட்டயம் பக்கத்து ஆள், பெரிய மீசை. நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"என்டெ அளியனும் இதேபோலத்தான். மச்சினன். அவன் டிவி முன்னாடி இருந்தா எங்க டீமு ஜெயிக்கில்லா. நாங்க அவனைக் கிணத்தடியில கொண்டு இருத்தும்" என்றார். பிறகு மேட்ச் எப்போது முடியும் என்று கேட்டார். சொன்னேன். வாட்ச்சைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டார். "முடியட்டே. அதுவரை இவனை விடண்டா" என்று காவல்காரரிடம் சொன்னது உள்ளே கேட்டது. திருடன் என்று பிடித்த இடத்திலேயே, டீமின் நன்மைக்காக என்னைக் காவலில் வைத்தார்கள்.

பேச்சியம்மா அக்கா ஜன்னல் வழியாகப் பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொடுத்தார். "ஆம்பளைக்கு இப்பிடியும் ஒரு சோலியா" என்று முனகிக்கொண்டேதான் கொடுத்தார்.

ஸ்டோருக்குள் அனலும் ஏலக்காய் வாசமுமாக மூச்சு முட்டியது. அந்தச் சூட்டில் உட்கார்ந்துகொண்டு டீம் ஜெயிக்க வேண்டும் என்று அல்லாவிடம் துஆ கேட்டேன். கேட்டு முடித்ததும்தான் மண்டையில் உறைத்தது. ஜெயித்துவிட்டால்? ஜெயித்துவிட்டால் நனைந்த காய் நான்தான் என்று ஆகிவிடுமே. தோற்றால் டீம் போய்விடும், ஆனால் நான் பெஞ்சில் தலைநிமிர்ந்து உட்காரலாம். எதைக் கேட்பது என்று தெரியாமல், கடைசியில் டிராவாக்கிவிடு என்று கேட்டேன். டிரா ஆனாலும் கீழே இறங்க வேண்டியதுதான் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எத்தனை ஞாயிறு, எத்தனை வெயில், எத்தனை தொண்டைக் கட்டு! என் டீம் ஜெயித்து ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்கத்தானே அத்தனையும்?

மேட்ச் முடிகிற நேரம் ஆனதும் தங்கச்சன் கதவைத் திறந்து, கைகுலுக்கி, சாக்கையும் மடித்துக் கையில் கொடுத்தார். லோடு ஏற்றிப்போன லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு இறங்கினேன். ஊருக்குள் நுழையும்போதே வெடிச் சத்தம் கேட்டது. மைதானத்தில் முத்துப்பாண்டி அண்ணனைத் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தாராம். சாயவேயில்லையாம்.

எல்லாவற்றையும் மறந்து, சாக்கோடு உள்ளே ஓடினேன். வாசலிலேயே ஜாபர் இரண்டு கையையும் விரித்து மறித்துவிட்டான்.

"மாப்ளே, மொதலாளி இன்னும் வாயத் தெறக்கல. டீம நடத்துறேன்னு அவரு சொல்லட்டும். அதுவரைக்கும் பஸ்ஸ்டாண்டு பக்கம் போய் நில்லு, வெரசா வந்து கூப்பிடுறேன்."

போய் நின்றேன். மொதலாளி நல்ல வார்த்தைதான் சொன்னாராம். பிரியாணி போட்டார்களாம். என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து ஏப்பம் விட்டுக்கொண்டு வந்த ஜாபர், என் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னப்பா இன்னும் இங்கயே நிக்கிறே" என்றான்.

அடுத்த சீசன் முழுக்க ஞாயிறுதோறும் என்னை மெட்டுக்கு அனுப்பினார்கள். ஜெயித்தால் என் தோஷம் நிரூபணம். தோற்றால், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கணும் மாப்ளே என்பான் ஜாபர். பிறகு ஏலக்காய் விலை விழுந்தது, மொதலாளிக்குப் பந்தில் ஆசை விட்டுப்போனது, டீமும் கலைந்தது. என் பெயர் மட்டும் கலையவில்லை.

அந்தக் கடைசி மேட்ச் முடிந்து ரெண்டாம் மாசம், நசீமாவுக்கு இடுப்பு வலி வந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் சொன்னார்: "மாப்பிள்ளை, சாக்க எடுத்துக்கிட்டு மெட்டுப் பக்கம் போயிட்டு வாங்களேன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடிவாரத்தில் இருக்கிற முந்தல் கிராமம் வரை போய் நின்றேன். சுகப்பிரசவமாம், போன் வந்தது. அன்றிலிருந்து பரீட்சை ரிசல்ட், பெண் பார்க்க வருவது, நிலத்துத் தகராறு என எங்கள் குடும்பத்தில் எது நல்லபடியாக முடிய வேண்டுமானாலும் யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார்கள்: "ஜீப்புக்குச் சொல்லியாச்சா?"

அன்று பிறந்த பர்வீன் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்து ஃபுட்பால் டீமில் ஃபார்வர்டு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. போன மாசம் அவர்களுக்கு ஃபைனல். நான் வெள்ளைச் சட்டை தேய்த்து, முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பர்வீன் வாசலில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் செருப்பையும் துடைத்து, வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். அதன் மேல் மடித்த சாக்கு ஒன்று.

"அத்தா, ஜீப்பு ரெண்டு மணிக்கு" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

போனேன். மூன்றுக்கு ஒன்று ஜெயித்துவிட்டார்கள். ரெண்டு கோல் அவள் போட்டதாம். நன்றாக ஆடினாளாம்.